பின்கதவில் ஒட்டிய நோட்டீஸ்

வாக்கு எண்ணும் நாள் காலையில் எனக்கு இன்றைக்கும் இட்லி இறங்காது. ஓய்வு பெற்று வருடங்கள் ஓடிவிட்டன. எண்ணும் அறைக்குள் நுழைய என்னிடம் ஓர் அடையாள அட்டைகூடக் கிடையாது. இருந்தாலும் மணி எட்டாகப் போகிறது என்றால் டிவி முன்னால் நின்றுகொண்டிருப்பேன். "செத்த ஒக்காந்துதான் பாருங்களே, நீங்களா போட்டி போடறீங்க" என்பாள் என் மனைவி. உட்கார முடிந்தால் நான் ஏன் நிற்கிறேன்?

பஞ்சாயத்து அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். தேர்தல் வேலை என்றதும் ஆளாளுக்கு டாக்டர் சர்டிபிகேட்டோடு ஓடுகிறார்களே, உங்களுக்கு மட்டும் அது எப்படிப் பிடித்தது என்று. பிடித்தது என்பது சின்ன வார்த்தை. எனக்கு அது காய்ச்சல் மாதிரி. காரணம் ஒரே ஒரு வார்டு. அந்த வார்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். படிவம் எப்படி நிரப்புவது, எந்தப் பதிவேட்டில் எதை எழுதுவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பாதிப் பேர் அங்கே தூங்குவீர்கள், அதனாலும் பாதகமில்லை. இதை மட்டும் விழித்திருந்து கேளுங்கள்.

பஞ்சாயத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கேரளாவில், பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியிலிருந்து கிழக்கே போனால் பெருமாட்டி, வடகரப்பதி என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வரும் பஞ்சாயத்துகளைப் போல அதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பு, வாய்க்கால், மாட்டுக் கொட்டகை, வீட்டுக்கு வீடு கோயமுத்தூர்ப் பேச்சு. அதில் ஒன்பதாம் வார்டு. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களில் அங்கே வெற்றி வித்தியாசம் முதலில் பதினொன்று, பிறகு மூன்று. நூறு அல்ல, ஆயிரம் அல்ல, மூன்றே வாக்கு. அந்த வார்டில் கல்யாணம் என்றால் இரண்டு கட்சிக்காரர்களும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் ஒரு வாக்கு போயிற்று, மருமகள் வந்தால் ஒரு வாக்கு வந்தது. மணமக்களை வாழ்த்திக்கொண்டே மனக்கணக்குப் போடுவார்கள்.

பஞ்சாயத்துத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் நம் அலுவலகத்தின் பொறுப்பு, செக்ரட்டரிதான் அதற்கு அதிகாரி. நான் கிளார்க்காகச் சேர்ந்து இரண்டாம் வருடம் பட்டியல் திருத்தம் வந்தது. சின்னச்சாமி என்ற தோப்புக்காரர் அந்த வார்டில் முதல்முறையாக நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், வெள்ளை வேட்டி, நின்று நிதானித்துப் பேசுவார். அவர் ஓர் ஆட்சேபம் கொடுத்தார். ஆறுமுகம், அவர் மனைவி மயிலாத்தாள் இருவரும் தமிழ்நாட்டில் குடியிருப்பவர்கள், பெயர்களை நீக்க வேண்டும் என்று. சாட்சிக்கு ஆறுமுகத்தின் பெயரில் தமிழ்நாட்டுக் கரண்ட் கார்டு ஒன்றின் நகலும், வீட்டு வாசலின் போட்டோவும் இணைத்திருந்தார். வாசலுக்கு எதிரே தமிழ்நாட்டுப் பஞ்சாயத்தின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது. இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சின்னச்சாமியை எதிர்த்து நிற்கப் போகிறவர் ஆறுமுகத்தின் தம்பி.

விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினோம். கொண்டுபோன பியூன் சட்டம் தெரிந்த ஆள். வாசலுக்குப் போனவர் பெயர்ப்பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். வாசல் தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே கேரளா நோட்டீஸ் கொடுத்தால் செல்லாது என்று அவருக்கு யோசனை. அதனால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். பின்கதவு கேரளாவில் இருந்தது. தட்டினார், யாரும் திறக்கவில்லை. கதவில் ஒட்டிவிட்டு வந்து, 'வீட்டின் பின்கதவில் ஒட்டிச் சேர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார். நான் அதைப் படித்துவிட்டு டிக் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட டிக்குகளில் அதுதான் மோசமானது.

விசாரணை நாளில் அவர்கள் வரவில்லை. 'நோட்டீஸ் சேர்ந்தும் ஆஜராகவில்லை. மின் இணைப்பு தமிழ்நாட்டைச் சேர்ந்தது. நீக்கலாம்' என்று குறிப்பு எழுதினேன். அப்போதைய செக்ரட்டரி ஓர் அம்மா, தெற்கே இருந்து வந்தவர். கட்டோடு கட்டாக என் குறிப்பிலும் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரே பெருமை. மேசை காலியாகிவிட்டது.

வாக்குப்பதிவு அன்று எனக்குச் சாவடி சாவடியாகத் தண்ணீரும் நாற்காலியும் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒன்பதாம் வார்டுப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் அவர் கணவர். உள்ளே இருந்த அதிகாரி பட்டியலை மூன்று தரம் புரட்டிவிட்டு, "பேர் இல்லம்மா" என்றார்.

"ஏனுங்க, நல்லாப் பாருங்க. போன தடவ இதே பள்ளிக்கூடத்துலதானுங்க ரெண்டு பேரும் போட்டம்."

"பேர் இருந்தா நான் ஏன் இல்லன்னு சொல்றேன்?"

"செரீங்க. அப்ப எங்களுக்கு ஓட்டு எங்கீங்க?"

அதிகாரி கையில் இருந்த சீட்டில் ஆறுமுகம், மயிலாத்தாள் என்று இருந்தது. எனக்கு மட்டும்தான் அவர்கள் யாரென்று தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர்ப் பானை நிரம்பி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போய்விட்டேன். அவர்கள் வெயிலில் நடந்து வாய்க்கால் மேட்டைத் தாண்டும் வரை பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முடிவு வந்தது. சின்னச்சாமி ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆறுமுகத்தின் தம்பி ஒரு வாக்கில் தோற்றார். நான் நீக்கியது இரண்டு வாக்கு. டீக்கடையில் அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க யாருக்கும் காகிதம் தேவைப்படவில்லை.

மறுநாள் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். கோப்பு அவர் மேசைமேல் திறந்திருந்தது. மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போயி கண்டோ?" நான் விழித்தேன். "ஆ வீடு. நீ போயி கண்டோ?" போய்ப் பார்க்கவில்லை என்றேன். அவர் கோப்பை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். இரண்டு திட்டு திட்டியிருந்தால் நான் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

அதற்குப் பிறகு தேர்வெழுதி நான் செக்ரட்டரி ஆனேன். முதல் வேலை இடுக்கியில், தேயிலை எஸ்டேட்டுகள் நிறைந்த ஒரு பஞ்சாயத்தில். அங்கேயும் பட்டியல் திருத்தம், அங்கேயும் ஆட்சேபம். ஒரு லயத்து வரிசையே காலி, எல்லா வீட்டிலும் பூட்டு, எல்லோரும் தேனிப் பக்கம் போய்விட்டார்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நீள வரிசை வீடுகள். இந்தத் தடவை நான் ஜீப்பில் ஏறினேன். பூட்டு இருந்தது உண்மைதான். மழையில் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போனதால் எல்லோரையும் மேல் டிவிசனுக்கு மாற்றியிருந்தார்கள். கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூட்டுத் தொங்குனா நாங்க செத்தா போயிட்டோம்? ரெண்டு கிலோமீட்டர் மேல கொழுந்து எடுக்கோம். ஏறி வர ஒங்களுக்குக் கால் வலிக்கி, அதான விசயம்?" என்றார். கால் வலித்தது என்னவோ நிஜம். ஒரு பெயரையும் நீக்கவில்லை. அன்று மலையிறங்கும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாடம் படித்துவிட்டோம், இனிமேல் தப்பு செய்ய மாட்டோம் என்று நினைத்தேன். இளம் வயதில் அப்படித்தான் நினைப்போம்.

அந்தப் பெயர்களை நீக்கிப் பத்து வருடம் கழித்து அதே எல்லைப் பஞ்சாயத்துக்குச் செக்ரட்டரியாக வந்து சேர்ந்தேன். ஒன்பதாம் வார்டு திருந்தவே இல்லை. நடுவில் அது பெண்கள் வார்டானபோது சின்னச்சாமியின் மனைவி நின்று ஏழு வாக்கில் ஜெயித்திருந்தார். இப்போது மறுபடியும் பொது வார்டு, மறுபடியும் சின்னச்சாமி. நான் நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாம் வாரம், பட்டியல் திருத்தத்தில் ஒரு புது விண்ணப்பம் வந்தது. மயிலாத்தாள். அதன்மேல் ஓர் ஆட்சேபம். சின்னச்சாமி. காரணம் அதே காரணம், சாட்சியாக இந்தத் தடவை ஒரு புதுக் காகிதம், என் குறிப்பின்மேல் விழுந்த அந்தப் பழைய உத்தரவின் நகல்.

தப்பான உத்தரவு ஒன்று போட்டால் அது குட்டி போடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா நடுவில் இரண்டு முறை விண்ணப்பித்திருந்தார். இரண்டு முறையும் யாரும் வீட்டைப் போய்ப் பார்க்கவில்லை, அந்த உத்தரவைத்தான் பார்த்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போய்க் கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டு எண்ணும் ரேஷன் கார்டும் கேரளா, அங்கே போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பத்து வருடமாக உள்ளாட்சித் தேர்தலில் அவருக்கு எந்தப் பக்கமும் வாக்கில்லை.

அவரே அலுவலகத்துக்கு வந்தார். என் எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்தார்.

"நீங்கதானுங்களே அந்தத் தண்ணிப் பானைகிட்ட நின்னவரு?"

ஆமாம் என்றேன்.

"எங்கூட்டுக்காரரு போயி மூணு வருசமாச்சுங்க. பேர நீக்குனதுக்கப்புறம் ஒரு தடவகோட மெம்பர் எலக்சன்ல ஓட்டுப் போடாமயே போயிட்டாரு. நா இந்த வாட்டி நிக்கறேனுங்க."

"எதுக்குங்க?"

"ஓட்டு குடுங்க, ஓட்டு குடுங்கன்னு கேட்டா ஆரும் திரும்பிப் பாக்கறதில்லீங்க. நின்னா எம்பேரப் பாத்துத்தானுங்களே ஆகோணும்?"

பட்டியலில் பெயர் இல்லாதவர் நிற்க முடியாது. பட்டியல் வெளியாக மூன்று நாள் இருந்தது. பெயரைச் சேர்த்தால் வேட்பாளர், சேர்க்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறுநாள் விசாரணையில் சின்னச்சாமி எழுந்து, சத்தமே போடாமல் என்னை மடக்கினார்.

"சார், உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. ஆனா இத நீங்க முடிவு பண்ணறது சரியில்லீங்க. அன்னிக்கு நீக்குனது தப்புன்னு உங்க மனசுல இருக்குது. அதுக்குப் பரிகாரமா இன்னிக்குச் சேத்தீங்கன்னா அது ஞாயமாகுங்களா?"

என் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் அவர் சொன்னது சரி. அந்தப் பெண் என் அறைக்குள் வந்த நிமிடமே நான் மனதுக்குள் உத்தரவை எழுதிவிட்டிருந்தேன். முதல் தடவை வீட்டைப் பார்க்காமல் நீக்கினேன். இந்தத் தடவை வீட்டைப் பார்க்காமலே சேர்க்கத் தயாராக இருந்தேன். இரண்டும் ஒரே சோம்பேறித்தனம். இரண்டாவதற்குக் கொஞ்சம் கண்ணீர் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். இதை நன்றாக மனதில் வையுங்கள், குற்ற உணர்ச்சியைச் சாட்சியாக எந்தக் கோப்பிலும் இணைக்க முடியாது.

பாலக்காட்டில் என் மேலதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வேறு ஆளை அனுப்ப நேரமில்லை, நீங்களே செய்யுங்கள், ஆனால் பழைய குறிப்பை எழுதியவர் நீங்கள்தான் என்பதை உத்தரவின் முதல் வரியில் எழுதுங்கள் என்றார். சின்னச்சாமியிடம் அதைச் சொன்னேன். நாளைக் காலை வீட்டை அளக்கப் போகிறோம், நீங்களும் வர வேண்டும் என்றேன். வந்தார்.

அந்தக் காலையை நான் மறக்கவே மாட்டேன். பதினொரு மணி வெயில். சர்வேயர், நான், என் கிளார்க், சின்னச்சாமி, மயிலாத்தாள். பக்கத்துத் தோப்புக்காரர்கள் வேலியோரம் பாதி ஊராக நின்றார்கள். எல்லைக்கல் ஒன்று கிணற்று மேட்டில் இருந்தது. இன்னொன்று மாட்டுக் கொட்டகைக்குள், அதில் ஓர் எருமை கட்டியிருந்தது. எருமையை நகர்த்தவே கால்மணி நேரம் ஆயிற்று. டேப்பின் ஒரு முனையைச் சர்வேயர் பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க என் கிளார்க் கை நீட்டினான். நான் அவனைத் தடுத்து, "நீங்க புடிங்க" என்று சின்னச்சாமியிடம் கொடுத்தேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

கோடு முன்னறைக்கு நடுவே ஓடியது. முன்வாசலும் களமும் மோட்டார் ரூமும் தமிழ்நாடு. அந்தக் கரண்ட் கார்டு வீட்டுக்கே இல்லை, தோட்டத்து மோட்டாருக்கு. சமையலறை, படுக்கையறை, பின்கதவு எல்லாம் கேரளா. வீட்டு லைட்டுக்குக் கேரளாக் கரண்ட். சின்னச்சாமி விடவில்லை.

"வேசகாலத்துல வெக்கைக்கு வாசல்லதானுங்க கட்டல் போட்டுப் படுக்கறாங்க. வாசல் தமிழ்நாடு. படுக்கற எடந்தானுங்களே குடியிருக்கற எடம்?"

"அப்ப மழ பேஞ்சா நா கேரளா, வெயிலடிச்சா தமிழ்நாடுங்களா?" என்றார் மயிலாத்தாள். வேலியோரம் சிரிப்பு. சர்வேயர் சிரிப்பை அடக்க டேப்பைச் சுருட்டினார்.

நான் பழைய கோப்பைப் பையிலிருந்து எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம், அளவு போதும். ஆனால் அவர்கள் இருவருக்கும் அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருந்தது. பியூன் எழுதியதையும் அதன் கீழே என் டிக்கையும் சத்தமாகப் படித்தேன். 'வீட்டின் பின்கதவில் ஒட்டிச் சேர்ப்பிக்கப்பட்டது.'

மயிலாத்தாள் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். "அதானுங்களா அது? அந்தக் கதவுக்கு முன்னால தென்ன மட்ட அடுக்கி இருந்துச்சுங்க, சந்துல கைய உட்டு ஒட்டிருக்காரு. நாலு மாசங் கழிச்சு மட்டய எடுக்கறப்பத்தானுங்க பாத்தம், காயிதம் பாதி கரையான் தின்னுருச்சு." பிறகு என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "அப்ப நோட்டீசு ஒட்டறப்ப எங்கூடு கேரளா. ஓட்டுப் போடறப்ப மட்டும் தமிழ்நாடுங்களா?"

பத்து வருடம் இந்தக் கோப்பை எத்தனை பேர் புரட்டினோம், எத்தனை கையெழுத்து விழுந்தது. ஒருவருக்கும் இது தோன்றவில்லை. வீடு கேரளாவில் இருக்கிறது என்று நம்பித்தான் நோட்டீஸ் ஒட்டினோம். அதே கோப்பின் அடுத்த பக்கத்தில் வீடு கேரளாவில் இல்லை என்று எழுதினோம். சின்னச்சாமி டேப்பின் முனையைக் கையில் பிடித்தபடி நின்றார். அளவுக் குறிப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

கிளம்பும்போது எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. "உங்க கொழுந்தன் ஒரு ஓட்டுல தோத்ததுக்கு நான்தான் காரணமுங்க. பத்து வருசமா அது என்னைப் போட்டு அரிக்குது" என்றேன்.

அவர் வியப்போடு பார்த்தார். "அதெப்பிடீங்க? எங்கூட்டுக்காரரு தம்பிக்குத்தான் போட்டிருப்பாரு. நா சின்னச்சாமியண்ணனுக்குத்தானுங்க போட்டிருப்பேன். கொழுந்தன் எங்க வாய்க்காத் தண்ணிய அடைச்சவராச்சே."

பக்கத்தில் நின்ற சின்னச்சாமியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தனக்கு விழ வேண்டிய வாக்கை ஆட்சேபம் போட்டு வெட்டிய ஒரே வேட்பாளர் அவராகத்தான் இருப்பார்.

நான் கணக்குப் போட்டேன். அவர் வாக்கும் கணவர் வாக்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிருக்கும். முடிவு மாறியே இருக்காது. பத்து வருடப் பாரம் இறங்கியதைப் போல எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"நிம்மதியா இருக்குதுங்களா? ஓட்டெடுப்பன்னிக்கு ரெண்டு பேரும் ஊட்டுல இருந்து சண்ட போட்டுக்கிட்டே போவமுங்க. அவரு ஒருத்தருக்குப் போடுவாரு, நா ஒருத்தருக்குப் போடுவேன். போட்டுப்போட்டு வர்றப்ப டீ வாங்கித் தருவாரு. அது போச்சுங்களே. அத எந்தக் கணக்குல வெப்பீங்க?"

எதிலும் வைக்க முடியாது. அன்றிலிருந்து வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து ஒரு தப்பின் அளவைத் தீர்மானிப்பதை விட்டுவிட்டேன். ஆயிரம் வாக்கில் ஜெயிக்கும் வார்டிலும் ஒரு பெயர் ஒரு பெயர்தான்.

பெயரைச் சேர்த்து உத்தரவு போட்டேன். அவர் சுயேச்சையாக நின்றார். இனி எண்ணும் நாளுக்கு வாருங்கள்.

காலை எட்டு மணிக்குத் தபால் வாக்குகள். அதில் சின்னச்சாமிக்கு இரண்டு கூடுதல். பிறகு பள்ளிக்கூடத்தின் கிழக்கு அறை இயந்திரம். சின்னச்சாமி இருபத்தாறு முன்னால் போய்விட்டார். மயிலாத்தாளின் முகவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டான். மேற்கு அறை இயந்திரத்தைத் திறந்தார்கள். அந்த அறைக்கு வாக்களிக்க வருகிறவர்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் பாதிக்கு மேல். எண்ணைப் படித்தார்கள். சின்னச்சாமியின் முகவர் கூட்டினான். மறுபடி கூட்டினான். மூடிய பேனா வெளியே வந்தது. அதிகாரி இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் கூட்டினேன். மயிலாத்தாள், ஒரு வாக்கு முன்னால்.

மறு எண்ணிக்கை கேட்டார்கள். இயந்திரம் சொன்னதையே சொன்னது. தபால் வாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அதுவும் மாறவில்லை. வெளியே பட்டாசு வெடிக்க ஆரம்பித்தது, யார் கொளுத்தினார்கள் என்று இன்றுவரை தெரியாது. சின்னச்சாமியின் ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, நீங்கள் சேர்த்த ஓட்டில்தான் ஜெயித்தாள், கோர்ட்டுக்குப் போவோம் என்றார்கள். சின்னச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கோர்ட்டுக்குப் போயி என்னன்னு சொல்றதுங்க? டேப்புப் புடிச்சதே நான்தான்" என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்று ஏற்பட்ட மரியாதை இன்னும் குறையவில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். புது மெம்பர் தன் வார்டில் கூட்டிய முதல் கிராமசபை அதே பள்ளிக்கூடத்தில் நடந்தது. தெருவிளக்கு, தண்ணீர் லாரி, வாய்க்கால் தூர் என்று பேசுவார்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நான் தெம்பாகப் போய் உட்கார்ந்தேன். மயிலாத்தாள் எழுந்தார்.

"மொதல்ல ஒரு காரியமுங்க. இந்தத் தடவ நம்ம வார்டுல எத்தன பேர நீக்குனாங்களோ, அத்தன பேரையும் சார் சத்தமாப் படிக்கோணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பயமில்லை. இந்த வார்டுக்கு மட்டும் நானே உட்கார்ந்து பார்த்த பட்டியல் அது. இறந்தவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், ஊர் மாறியவர்கள், எல்லாவற்றுக்கும் அறிக்கை இருந்தது. எழுந்து நின்று கணீரென்று படிக்கத் தொடங்கினேன். பெயர் படித்ததும் கூட்டத்தில் யாராவது ஆமாம் என்பார்கள், பாவம் என்பார்கள், பொள்ளாச்சியில் இருக்கிறாள் என்பார்கள். எனக்கு உற்சாகம் ஏறியது.

"காளியப்பன், தந்தை பெயர் ரங்கன், இறப்பு" என்று படித்தேன்.

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஒரு இருமல் கேட்டது.

"அது நானுங்க சார்."

கூட்டம் சிரித்தது. மயிலாத்தாள் சிரிக்கவில்லை.

"எந்திரிச்சு நில்லுங்கண்ணா" என்றார். "சார் நல்லாப் பாக்கட்டும்."

அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றார். நான் பார்த்தேன்.